இரண்டு நாள் நிம்மதி

"ரெண்டு நாளா என்கூட ஒரு வார்த்தை பேசலை தம்பி. எல்லாம் இந்தப் பாழாப்போன அப்டேட்டாலதான்."

கதவைத் திறந்ததுமே ஜலஜா இப்படி ஆரம்பிக்க, ஷ்யாமுக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேருக்காகத் திருமுல்கேரி முழுக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் அவன். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மனைவிமேல் பாய்கிற கணவர்களைப் பார்த்திருக்கிறான். பேச்சையே நிறுத்திக்கொண்டவரை இப்போதுதான் பார்க்கிறான்.

அவள் கணவர் விஸ்வநாத் கம்ப்யூட்டர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். "வணக்கம் அங்கிள்" என்றதற்குத் தலையை ஆட்டியதோடு சரி. முகத்தில் கடுகைப் போட்டால் வெடிக்கும்போல் இருந்தது.

"என்ன ப்ராப்ளம் ஆன்ட்டி?"

"தானா அப்டேட் ஆச்சு. அதுக்கப்புறம் சத்தமே வரலை."

ஷ்யாம் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தான். "ஹவ், ஆமா, இதேதான். இந்த வாரம் நிறைய பேருக்கு சவுண்டைக் காலி பண்ணியிருக்கு. எடுத்துடலாம். ஆனா இது பழைய மெஷின், சில சமயம் எடுக்க வராது."

ஜலஜாவின் முகம் சுண்டிவிட்டது. அப்டேட்டை நீக்கும் பட்டனை ஷ்யாம் அழுத்தினான். விஸ்வநாத் பொறுக்கமாட்டாமல் எழுந்து பால்கனிக்குப் போனார்.

"அங்கிள் எப்பவுமே இப்படித்தானா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"விடிஞ்சா திட்டுதான். சாம்பார்ல உப்பு, ஃபேன் ஸ்பீடு, நான் போன் பேசுற நேரம், எதையும் விடமாட்டார். கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

ஷ்யாமுக்குப் பாவமாக இருந்தது. அவனுடைய அம்மாவும் இப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டு காலம் தள்ளியவள்தான்.

"ஆன்ட்டி, வேணும்னா இது சரியாகாதுன்னு சொல்லிடறேன். கொஞ்ச நாள் நிம்மதியா இருங்க."

"நக்கோ தம்பி, வேண்டாம்," என்று பதறிவிட்டாள் ஜலஜா. "வீடு வீடாவே இல்லை. எனக்குச் சோறே இறங்கலை. எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடு."

திட்டு வாங்கியே பழகிப்போன ஜென்மம் என்று நினைத்துக்கொண்டான் ஷ்யாம்.

கம்ப்யூட்டர் அணைந்து, ரொம்ப நேரம் யோசித்து, மறுபடி உயிர் பெற்றது. அப்டேட் போயிருந்தது. 'டிங்' என்ற சத்தம் கேட்டதுமே விஸ்வநாத் விடுவிடுவென்று உள்ளே வந்து உட்கார்ந்து கீபோர்டைத் தட்டினார்.

"ஜலஜா, பையன் வந்து எவ்வளவு நேரமாச்சு? ஒரு காபி குடுக்கத் தெரியாதா உனக்கு?" என்று அதட்டியது ஸ்பீக்கரிலிருந்து ஓர் இயந்திரக் குரல்.

"தொண்டை ஆபரேஷன்ல குரல் போனதுக்கு அப்புறம் அவர் வாயே இதுதான் தம்பி. சீட்டுல எழுதிக் காட்டினா அது திட்டு மாதிரியா இருக்கு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே காபி போட ஓடினாள் ஜலஜா.