வாசகர் எண் 4417

“இன்னைக்கும் தரல அந்த ஆள்!”

பையைச் சோபாவில் எறிந்துவிட்டு விரிவுரையாளர் கத்தினார். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க?”

“வேற யாரு? நாலு நாலு ஒண்ணு ஏழுதான்.”

பல்கலைக்கழக நூலகத்தில் அந்த மாதம் ஒரு புது வசதி வந்திருந்தது. நமக்கு வேண்டிய புத்தகம் வேறொருவர் கையில் இருந்தால், போனிலேயே அவருக்கு ஒரு கோரிக்கை அனுப்பலாம். பெயர் தெரியாது, வாசகர் எண் மட்டும்தான் தெரியும். அவர் மனசு வைத்தால் தருவார், இல்லையென்றால் ‘இன்னும் தேவைப்படுகிறது’ என்கிற பொத்தானை அமுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம்.

4417 அந்தப் பொத்தானை இரண்டு முறை அமுக்கியாகிவிட்டது.

விரிவுரையாளருக்கு வேண்டியது நிலத்தடி நீரைப் பற்றிய தடிமனான ஒரு புத்தகம். நூலகத்தில் இருப்பதே ஒரு பிரதி. ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் ஆய்வேட்டை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று அவருக்குக் கடிதம் வந்திருந்தது. பாக்கி ஒரே ஓர் அத்தியாயம்தான், ஆனால் அந்தப் புத்தகம் இல்லாமல் அதில் ஒரு வரிகூட நகராது.

“நீங்க என்னன்னு எழுதி அனுப்புனீங்க?”

போனை எடுத்து வாசித்தார். “‘புத்தகம் படிப்பதற்கு. தலைக்கு வைத்துத் தூங்குவதற்கு அல்ல.’”

“இப்படிக் கேட்டா யாரு தருவா? கொஞ்சம் தன்மையாக் கேக்கக் கூடாதா?”

“முதல்ல தன்மையாத்தான் கேட்டேன். அதுக்கு வந்த பதிலைக் கேளு. ‘மன்னிக்கவும். நானும் அவசரத்தில்தான் இருக்கிறேன்.’ அவசரமாம்! ரிட்டயர் ஆன ஆசாமியா இருப்பான். மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டு, புத்தகத்தை நெஞ்சு மேல விரிச்சு வெச்சுக் குறட்டை விடுவான்.”

மனைவி மறுபடியும் வெங்காயத்துக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போனார். கோபத்தைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே.

“லைப்ரரியே கெட்டுப் போச்சு. புது வசதி புது வசதின்னு என்னென்னமோ பண்றாங்க. சாமான் வைக்கப் பூட்டுப் பெட்டியாம். ஆய்வேடு எழுதுறது எப்படின்னு வாராவாரம் வகுப்பாம். கீழ்த்தளத்துல, குழந்தைங்களோட வந்து படிக்கிறவங்களுக்குன்னு ஒரு கண்ணாடி ரூம். பொம்மை, சறுக்கு மரம், பாத்துக்க ஓர் ஆயா வேற. அந்த அக்கறை ரெண்டாவது பிரதி வாங்குறதுல இருக்கா?”

“மெதுவாப் பேசுங்க. பாப்பா இப்பதான் தூங்குனா.”

குரல் தணிந்தது, கோபம் தணியவில்லை.

“எனக்காக மட்டும் சொல்லல. நான் முடிச்சதும் நீ சேந்துக்கலாம்னு சொல்லியிருக்கேன்ல? அந்த ஆளால உன் படிப்பும் சேந்து தள்ளிப் போகுது, தெரியுமா?”

வெங்காயம் நறுக்குகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

மூன்றாவது கோரிக்கையை அன்றைக்கே அனுப்பினார். மறுநாள் மத்தியானம் பதில் வந்துவிட்டது: இன்னும் தேவைப்படுகிறது.

அதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் கேள்வி கேட்ட மாணவி மேல் எரிந்து விழுந்தார், பிறகு அதற்காக வருத்தப்பட்டார். ஆறு வருட உழைப்பு, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய விரல் நுனியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்று முறை மறுத்தால் விஷயம் நூலகரிடம் போகும். இரண்டு பேரையும் நேரில் கூப்பிட்டு, யாருக்கு எத்தனை நாள் என்று அவரே பிரித்துக் கொடுப்பார். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது.

விரிவுரையாளர் ஒன்பதரைக்கே போய் நூலகரின் அறையில் உட்கார்ந்துவிட்டார். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

“அந்த ஆள் வருவாரா மேடம்? இல்ல, இதுக்கும் பொத்தானை அமுக்கிட்டாரா?”

“வர்றேன்னு சொல்லியிருக்காங்க சார்” என்றார் நூலகர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் பொறுமையா இருங்க.”

பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. வந்தது அவருடைய மனைவி.

அவர் சட்டென்று எழுந்தார். “என்னாச்சு? பாப்பா எங்க?”

“கீழ விளையாடிட்டு இருக்கா.”

“கீழயா? சாவி எதுவும் மறந்துட்டேனா? சரி, நீயும் கீழயே இரு. அஞ்சு நிமிஷம். அந்த ஆள் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன்.”

அவள் போகவில்லை. அவருக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, தோள்பையைத் திறந்து, அந்தத் தடிமனான புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். பக்கங்களுக்கு நடுவே அவள் கையெழுத்தில் துண்டுத் தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“நீயா?” என்றார். கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டார். “எப்ப சேந்த?”

“மூணு வருஷமாச்சு. எனக்கும் இந்த மாசக் கடைசிதாங்க கெடு.”