கூடுதலாக ஒரு பல்பு

அபுசேனி மலையில் எங்கள் வீடு வரைக்கும் கரண்ட் கம்பி வரவில்லை. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் காற்றாடி செய்து, கொட்டகைக் கூரையில் சோலார் தகடு பதித்து, என் கணவர் வியோரெல்தான் கரண்ட் எடுத்தார். என் இன்சுலினுக்காகக் குட்டி ஃப்ரிட்ஜ் ஓடியாக வேண்டும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும், ஒரு பல்பு எரிகிற அளவு கரண்ட் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருப்பதாக மீட்டர் காட்டியது. வியோரெல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முள் இறங்கவில்லை.

"அம்மா பனியில மாட்டி, கையில மெழுகுவத்தி இல்லாமத்தானே செத்தா? அந்த உலகத்துல இருட்டுல உக்காந்திருப்பா," என்றாள் நாத்தனார் சவேதா. சாகும்போது கையில் மெழுகுவத்தி எரியாதவர்களுக்கு அங்கே வெளிச்சமே கிடையாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"அதுக்கு என் பேட்டரிதான் கெடச்சுதா?" என்றார் வியோரெல்.

"பெத்த மகன்கிட்ட கேக்காம ஊரான்கிட்டயா கேப்பா? சர்ச்சுல ஒரு மெழுகுவத்தி ஏத்துடா."

ஏற்றிவிட்டு வந்தோம். முள் இரண்டு பல்புக்கு ஏறியிருந்தது.

"உங்கம்மா தொணைக்கு ஆளக் கூட்டிட்டு வந்துட்டாங்க," என்றேன். சவேதா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் நல்ல வெயில், நல்ல காற்று. ஃப்ரிட்ஜ் மட்டும் நின்றுபோயிருந்தது. வியோரெல் தொப்பியைக் கழற்றிவிட்டு பேட்டரி முன் நின்றார்.

"அம்மா, இவளுக்குக் கொஞ்சம் மிச்சம் வையும்மா."

முள் ஏறிக்கொண்டே போய், ஓர் ஊருக்கே விளக்கு எரிகிற அளவில் நின்றது. என் கையில் இன்சுலின் புட்டி வெதுவெதுவென்று இருந்தது.