இயந்திரம் வாய் திறப்பதற்குள்

"துளசி, பெருவிரலை வைக்காதே!"

பதிவு அலுவலகத்தின் படிகளை லெனின்ராஜ் மூன்று மூன்றாகத் தாவினான். இன்று காலையிலிருந்து புது விதி. மணமக்கள் பெருவிரல் வைத்தால் போதும், ரத்தத்தில் இருக்கும் நோயையெல்லாம் இயந்திரம் கூடத்துக்கே கேட்கும்படி தேன் குரலில் வாசித்துவிடும். போதை ஊசியை விட்டு மூன்று வருடமானதை அவளிடம் சொல்லியிருந்தான். அந்த ஊசி தந்துவிட்டுப் போன எச்.ஐ.வி.யை மட்டும் சொல்லவில்லை. இயந்திரம் முந்திக்கொண்டால் கல்யாணமே போச்சு.

உள்ளே, பட்டுப்புடவையோடு தரையில் மண்டியிட்டிருந்தாள் துளசிமணி. கையில் இயந்திரத்தின் பிளக்!

"ஏட்டி, என்ன பண்ணுதே?"

"கரண்ட் இல்லைன்னு வச்சுக்கோ. நீ என்ன, நாய் விரட்டுன மாதிரி வாரே?"

மூச்சு வாங்கக் கொட்டினான். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு துளசி. கூட்டாளிங்க ஊசியைப் போட்டதுல வந்தது. தினமும் மாத்திரை போடுதேன். ரெண்டு வருஷமா டெஸ்ட்ல கிருமியே தெரியலை. உனக்குப் பரவாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. வேண்டாம்னா இப்பவே சொல்லிரு."

துளசிமணி சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். பதிவாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கோட்டிக்காரா! இதுக்கா இந்த ஓட்டம்?"

"உனக்குக் கோவமே வரலையா? சரி, நீ எதுக்கு பிளக்கைப் புடுங்குனே?"

அவள் எழுந்து அவன் காலரை நீவிவிட்டாள்.

"அது சொல்லுததுக்குள்ள நான் சொல்லணும்லா? எனக்கும் அதே கிருமி பொறந்ததுல இருந்தே இருக்கு, லெனின்."