அழுத்தினால் அழுந்த வேண்டும்

“எந்த லேப்டாப் வாங்கலாம்?” என்று அண்ணன் போனில் கேட்டான். நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை.

நான் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீட்டு விசேஷம் எதற்கும் கூப்பிடாத சொந்தக்காரர்கள், லேப்டாப் வாங்குவதென்றால் மட்டும் தவறாமல் கூப்பிடுவார்கள். அத்தை மகன் கல்லூரியில் சேர்ந்தது, மாமா பெண்ணுக்கு வேலை கிடைத்தது எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. கடைக்காரன் எதையாவது தலையில் கட்டிவிடுவான், நான் ஏமாற்ற மாட்டேன் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. வீட்டுக்குள் விடத்தான் மனம் வராது.

கைக்குழந்தையோடு தனியாக நின்ற ஒருத்தியைக் கட்டிக்கொண்டேன். அதுதான் நான் செய்த குற்றம். இனி செத்தாலும் அவனோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அப்பா கூடத்தில் நின்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். மொத்த வீடும் அவர் பக்கம் போய் நின்றுகொண்டது, அண்ணன் உட்பட.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். கழற்றிப் போட்டிருந்த ஒரு லேப்டாப்பின் விசிறியில் தூசி அப்பியிருந்தது. பிரஷ்ஷால் அதைத் துடைத்தபடி, யாருக்கு என்று கேட்டேன். யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரியாமல் நான் எதையும் சொல்வதில்லை.

பெண்ணுக்கு என்றான். காலேஜ் போகிறாளாம்.

எடை குறைந்த, மெல்லிய மாடல் ஒன்றைச் சொன்னேன். பையில் போட்டால் இருப்பதே தெரியாது என்றேன். அந்தப் பக்கம் மரத்தில் ஸ்பூன் படுகிற மாதிரி ஏதோ சத்தம் கேட்டது. டொக், டொக்.

அது வேண்டாம் என்றான் அண்ணன். எடை எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லையாம். திரையில் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். கீபோர்டில் விசைகள் அழுத்தினால் அழுந்த வேண்டும், சும்மா தடவிக்கொடுக்கிற மாதிரி இருக்கக் கூடாது.

சின்னப் பெண் கேட்கிற விஷயங்களாக இல்லை. சரி, வயசுப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று, விசைகளுக்கு அடியில் கலர் கலராக விளக்கு எரிகிற மாடல் ஒன்றைச் சொன்னேன். டொக், டொக். அதுவும் வேண்டாமாம்.

கடைசியில் தடிமனான ஒன்றின் பெயரைச் சொன்னேன். பார்க்க லட்சணமாக இருக்காது, பெரிய திரை, விசைகள் பழைய டைப்ரைட்டர் மாதிரி ஆழமாக இறங்கும் என்றேன்.

டொக்.

சரி, அதையே எடுத்துவிடலாம் என்றான் அண்ணன். வீட்டில் ஏதோ மராமத்து வேலை நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மாடியே கட்டினாலும் எனக்கா சொல்லப் போகிறார்கள்?

அடுத்து ஸ்பீக்கருக்கு வந்தான். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக் கேட்குமா என்றான். பாட்டுக் கேட்கவா என்றேன். பாட்டெல்லாம் இல்லை, டைப் அடித்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டுமாமே, நம் மொழியிலேயே, அது இதில் வருமா என்றான். வரும் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்.

“ஆம்பளைக் குரல் இருக்காடா?”

இருக்கிறது, செய்தி வாசிப்பவர் மாதிரி இருக்கும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். கேட்டதற்கு உடனே பதில் சொல்லும் தொழில் புத்தி. சொல்லி முடித்த பிறகுதான் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

காலேஜ் போகிற பெண்ணுக்கு எதற்கு ஆண் குரல்?

அப்பா வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டச் போனைக் கண்டாலே எரிந்து விழுவார். அழுத்தினால் அழுந்தாததெல்லாம் ஒரு மெஷினா என்பார். ஒரு கை டைப் அடித்தால் இன்னொரு கையில் சிகரெட் இருக்கும்.

அப்பாவுக்குத் தொண்டையில் ஏதாவதா என்று கேட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று, உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் இனிமேல் கிடையாது என்றான் அண்ணன். உனக்குச் சொல்லக் கூடாதென்று ஆபரேஷனுக்குப் போகும்போதே சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய என்றான்.

மிச்சமிருந்த குரலையும் அதற்குத்தான் செலவழித்திருக்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

அண்ணனும் போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. வேண்டாமென்றால் இரண்டு தட்டு. சரியென்றால் ஒரு தட்டு. மராமத்தும் இல்லை, மாடியும் இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு, கையில் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு, நான் சொன்னது அத்தனையையும் மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேச மாட்டேன் என்றுதானே சொன்னார், கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லையே.

போனை எடுத்து வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டேன்.

“அப்பா, நான் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டுமா?”

டொக்.

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டேன். வண்டிச் சாவியை எடுக்கக் கை போனது.

டொக்.

அண்ணன் செருமிக்கொண்டான். லேப்டாப்போடு பையும் தருவார்களா என்று கேட்டான்.

தருவார்கள் என்றேன். கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் தர மாட்டார்கள் என்றேன்.