வலப்பக்கம்

வலது சிறுநீரகத்தில் சாத்துக்குடி அளவுக்கு நீர்க்கட்டி. வலி தாங்காமல் தணிகாசலம் இரண்டு வருஷமாக இடப்பக்கமாகவே, சுவரைப் பார்த்தே படுத்தான். "எம்மேல என்னா கோவமோ" என்பாள் மனைவி அம்சா. கத்திக்குப் பயந்து நாளைக் கடத்தியவனை அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தாள்.

டாக்டர் கத்தியை எடுக்கவே இல்லை. மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே முதுகு வழியாக நீண்ட ஊசியை இறக்கினார். வைக்கோல் நிறத்தில் நீர் வடிந்தது.

"அவ்ளோதானா டாக்டர்?"

"அவ்ளோதான். மறுபடி ஊறாம இருக்க மருந்தும் விட்டாச்சு."

வீடு திரும்பிய சில நாளில், ஒரு மதியம், பயந்து பயந்து வலப்பக்கம் புரண்டான். வலிக்கவில்லை. பக்கத்தில் அம்சா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் அவள் எதையோ முணுமுணுப்பாள் என்பதையே மறந்துபோயிருந்தான். என்ன சொல்கிறாள் என்று கேட்க, இன்னும் கொஞ்சம் நெருங்கினான்.