பத்து எண்ணும் வரை

மெரியல் ரப்பர்க் குழாயைக் கிளெனிஸிடம் நீட்டினாள்.

"நீங்களே ஊதுங்களேன்."

"நான் ஊதினா அது என் எஞ்சின் ஆயிடும் கண்ணு. எங்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு பின்பக்கமாவே ஓடிட்டு இருக்கு. அது போதாதா?"

கிளெனிஸ் ஷில்டன் நகரில் பேருந்து ஓட்டுபவள். குட்டி நீராவி எஞ்சின் செய்யக் கற்றுத்தரும் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் மெரியலுக்கு அடுத்த மேசை அவளுடையது. இந்தச் சனிக்கிழமை மதியம் மெரியலின் வீட்டுக்குச் சாட்சியாக வந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை.

வகுப்பின் வழக்கம் அப்படி. முதல் எஞ்சினை வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டும். நீராவி கொடுப்பதற்கு முன், செய்தவரே அதை வாயால் ஊதி ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரே மூச்சு. சாட்சி பத்து எண்ணும் வரை சக்கரம் நிற்கக் கூடாது.

பம்பு வைத்து அடித்தால் எலிப்பொறிகூட ஓடும் என்பார்கள் அங்கே. மூச்சுக்கு ஓடாத எஞ்சினுக்குக் கொதிகலன் கிடையாது. பிரித்துப் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மெரியலுக்கு இந்த எஞ்சினைச் செய்து முடிக்க ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கரிக்கொட்டிலைக் கழுவி, வெள்ளையடித்து, ஒரு சின்ன லேத்தை வைத்துக்கொண்டு, முகமூடியைக் கழற்றாமல் ராவி ராவிச் செய்தது.

உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின். ஒரு பித்தளை சிலிண்டர், உள்ளே பிஸ்டன், பக்கத்தில் சக்கரம். சக்கரம் சுற்றச் சுற்ற சிலிண்டர் தலையாட்டும். ஆடும்போது அதன் துளையும் பின்தகட்டின் துளையும் ஒரு கணம் நேராக வரும். காற்று உள்ளே புகுந்து பிஸ்டனைத் தள்ளும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்கு நாற்பத்தொரு படிகள். ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி, சரி போட்டு, சரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள்.

கிளெனிஸ் நோட்டைப் புரட்டினாள். "வாத்தியாரும் நீயே, மக்குப் பிள்ளையும் நீயேவா?"

மெரியல் சமையலறைக்குப் போய் குழாயின் நுனியை மூன்றாவது தடவையாகக் கொதிநீரில் அலசிவிட்டு வந்தாள். இனிச் செய்வதற்கு வேறு வேலை இல்லை.

ஊதினாள்.

சிலிண்டர் லேசாக நடுங்கியது. விரலால் சக்கரத்தைத் தள்ளிவிட்டாள். அதற்கு அனுமதி உண்டு. அரைச் சுற்றுப் போய் நின்றது.

இன்னொரு தடவை. அதே அரைச் சுற்று.

துளை தவறியிருக்கும் என்று நினைத்தாள். பதினேழாவது படி. இல்லை, துளை சரிதான், மூச்சுத்தான் போதவில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் என்றால் திருத்திவிடலாம்.

கிளெனிஸ் குனிந்து பார்த்தாள். சாட்சி எஞ்சினைத் தொடக் கூடாது என்பதால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அந்த ஸ்பிரிங் நட்டு... ஓடிப் போயிடும்னு பயந்தா இப்படிக் கட்டி வச்சிருக்க?"

சிலிண்டரைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங். காற்று கசிந்துவிடுமோ என்று நேற்று ஒரு தடவை இறுக்கியிருந்தாள். இன்று காலை மறுபடியும். அசைய இடமில்லாமல் சிலிண்டர் தகட்டோடு ஒட்டிக்கிடந்தது.

அரைச் சுற்றுத் தளர்த்தினாள். யோசித்து, இன்னும் கால் சுற்று. ஒரு சொட்டு எண்ணெய்.

மூச்சை இழுத்தாள். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடி வரை போனது. அவளுக்கு அது இன்னும் பழகவில்லை.

ஊதியபடியே சக்கரத்தைத் தட்டிவிட்டாள்.

டிக். டிக், டிக். பிறகு டிக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு முனகலாகின. சக்கரத்தின் ஆரங்கள் மறைந்தன.

"ஒண்ணு!" என்று கத்தினாள் கிளெனிஸ். "ரெண்டு! மூணு!"

ஆறில் முனகல் தாழ்ந்தது. மெரியல் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு இன்னும் இருந்தது. கொடுத்தாள். முனகல் மறுபடி எழுந்தது.

பத்துக்கு நிறுத்தியிருக்கலாம். இருவருமே நிறுத்தவில்லை. பதினான்கில்தான் குழாய் வாயிலிருந்து விழுந்தது. அதன்பிறகும் சக்கரம் ஐந்தாறு சுற்றுச் சுற்றியது.

"அழு, இல்ல சிரி. ரெண்டும் ஒண்ணாப் பண்ணாத, பாக்க சகிக்கல" என்றாள் கிளெனிஸ்.

பையிலிருந்து வகுப்பின் பதிவேட்டை எடுத்து லேத்தின் மேல் விரித்தாள்.

மெரியல் தேதி எழுதினாள். செய்தவர் என்ற கட்டத்தில் மெரியல் ராப்சன் என்று எழுதினாள்.

அடுத்த கட்டம், ஊதியவர். செய்தவரே ஊதுவது வழக்கம் என்பதால், அந்தப் பக்கம் முழுக்க எல்லாரும் 'மேற்படி' என்றே எழுதியிருந்தார்கள்.

பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு எழுதினாள்: பெயர் தெரியாது. ஆண். வயது முப்பத்தொன்று. நன்றி.

ஒன்றரை ஆண்டுக்கு முன், இறந்துபோன அவருடைய நுரையீரலை அவள் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்தவர்கள், அவரைப் பற்றி அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

கிளெனிஸ் படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மெரியலின் கை நெஞ்சின் மேல் இருந்தது. மறுபடியும் படித்தாள்.

வழக்கப்படி பார்த்தால் அது செல்லாது.

பேனாவை வாங்கி, சாட்சி என்ற கட்டத்தில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"நல்லாத்தான் ஊதுறாரு" என்றாள்.