ஆறு புள்ளி ஒன்பது

"பொய் சொல்லாதம்மா," என்றார் டாக்டரம்மா.

அவள் நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நாக்கு வெளுத்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்த இடமும் வெளுத்திருந்தது.

மேசையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் மூன்று. ஹீமோகுளோபின் தை மாதம் எட்டரை. சித்திரையில் ஏழரை. இன்று ஆறு புள்ளி ஒன்பது.

"எட்டு மாசமா இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தாரேன். ஏறணும். இது இறங்கிக்கிட்டே வருது. அப்பிடின்னா மாத்திரை வாய்க்குப் போகல. ஜன்னலுக்கு வெளிய போகுது."

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் வேல்ச்சாமி சிரித்தான்.

"சொன்னாக் கேட்டாத்தான டாக்டர். சின்னப் பிள்ள மாதிரி ஏமாத்துவா."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு நாள் தவறவிட்டதில்லை. விடிந்ததும் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு. விவரம் தெரிந்த நாளிலிருந்து குடித்துவந்த காப்பியை அந்த மாத்திரைக்காக விட்டாள். மலம் கரியாகப் போனது. வயிறு இழுத்துப் பிடித்தது. போட்டு முடித்ததும் தினசரி காலண்டரில் ஒரு டிக் அடிப்பாள்.

மறுநாள் அந்தத் தாளைக் கிழிக்கிறவன் அவன்தான்.

இப்போது மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறாள். பச்சரிசியைக் கண்டால் கை தானாகப் போகிறது. "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழ பெய்யும்பாக. ஒனக்குத்தான் கல்யாணம் முடிஞ்சாச்சே, இன்னும் எதுக்குத் திங்க?" என்று மாமியார் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்கவே மூச்சு வாங்கியது.

மாத்திரை உள்ளே போகிறது. இரும்பு ரத்தத்தில் சேர்வதில்லை.

சேர வேண்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும்படி அவள் குடலை மாற்றித் தைத்திருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில். இரண்டு வருடம் முன்பு. உடம்பு இளைக்க. இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கினார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மாத்திரை போதாமல் போகலாம், அப்போது நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த ஆபரேஷனைச் சொல்லுங்கள்.

இருவரும்தான் தலையாட்டினார்கள்.

ஊருக்குச் சொன்னது வேறு. வேல்ச்சாமியின் கடைச் சத்துமாவைக் குடித்தே அவள் இளைத்தாள் என்று.

பாக்கெட்டின் முன்பக்கம் அவள் இரண்டாக நிற்கிறாள். இடதுபக்கம் நூற்றுப் பன்னிரண்டு கிலோ, சேலையில். வலதுபக்கம் அறுபத்தாறு கிலோ, சுடிதாரில்.

வலதுபக்கம் பல் தெரியச் சிரித்தது அவள்தான். யாரும் அடித்துச் சிரிக்க வைக்கவில்லை. தன்மேலேயே இருந்த அந்தக் கோபம் தனி. அதை வைத்துக்கொண்டுதான் எட்டு மாதம் வாய் திறக்காமல் இருந்தாள்.

"அக்காவப் பாத்துத்தான் நானும் ஆரம்பிச்சேன்," என்றாள் நர்ஸ் ஜெனிபா, ரத்த அழுத்தப் பட்டையை அவள் கையில் சுற்றியபடி. "காலைல ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். மூணு மாசமா சோத்தத் தொடுறதில்ல. போன வாரம் வார்டுலயே தல சுத்திருச்சு. இருந்தாலும் விடலக்கா."

"அப்பிடித்தான் இருக்கணும்," என்றான் வேல்ச்சாமி. "விட்டா மறுபடி ஒடம்பு போட்டுரும்."

டாக்டரம்மா சீட்டைத் திருப்பி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் இறங்குனா இதயம் தாங்காதும்மா. நெசமாவே மாத்திரை போட்டும் ஏறலன்னா உள்ள டியூப் விட்டுப் பாக்கணும். இதுக்கு முன்னால வயித்துல எதும் ஆபரேஷன் ஆயிருக்கா?"

கேள்வி அவளைப் பார்த்து வந்தது.

பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து போனது.

"ஒண்ணும் கெடையாது டாக்டர். டியூபெல்லாம் வேண்டாம். நாளையிலருந்து நானே முன்னால நின்னு முழுங்க வைக்கேன்."

உடம்பில் இருந்த கொஞ்ச ரத்தமும் அவள் முகத்துக்கு ஏறியது.

இருபது வருடத்தில் அவனிடம் அவள் குரல் உயர்ந்ததில்லை. இப்போதும் உயரவில்லை.

"நீங்க வெளிய இருங்க."

"எதுக்கு?"

"வெளிய இருங்கன்னேன்."

அவன் டாக்டரம்மாவைப் பார்த்தான். டாக்டரம்மா பேனாவை மூடினார். அவன் எழுந்தான். வாசல்வரை போய் ஒருமுறை திரும்பினான். அவன் கண் கெஞ்சியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், கதவு சாத்தும்வரை.

பிறகு கட்டிலுக்கு நடந்தாள். ஏற வைத்திருந்த ஸ்டூலில் ஒரு கால் வைத்து, மூச்சு வாங்கி, மறு காலையும் வைத்தாள். படுத்தாள்.

ஜெனிபா வழக்கம்போலத் திரைச்சீலையை இழுத்துவிட்டு அதற்கு வெளியே நகர்ந்தாள்.

"நீ போகாத. உள்ள வா."

"நானாக்கா?"

"நீதான்."

சுடிதாரின் மேல்சட்டையை நெஞ்சுவரை சுருட்டினாள். விளக்கு நேராக வயிற்றின்மேல், சின்னச் சின்ன ஆபரேஷன் தழும்புகள்மேல் விழுந்தது.

"எண்ணு," என்றாள்.

ஜெனிபா குனிந்தாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

ஐந்தில் நின்றன.